சொதியை விட்டுக்கொடுத்த நாள்

தேங்காய்ப்பால் குழம்பான சொதி எந்த ஊருடையது என்கிற வழக்கு அந்த வெள்ளிக்கிழமையும் தீரவில்லை.

கோமதி செவ்வாய்க் கிரகத்தில் அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். சுகிர்தா யாழ்ப்பாணத்தில், கோப்பாய் வீட்டில், அவளுடைய அடுப்பு முன்னால். நடுவில் கோடிக்கணக்கான மைல் வெறும் இருட்டு. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே அடுக்களையில் கரண்டியோடு முறைத்துக்கொண்டு நிற்கிற மாதிரிதான் பேச்சு போய்க்கொண்டிருந்தது.

“உங்கட ஆக்கள் வியாபாரத்துக்கெண்டு எங்கட ஊருக்கு வந்து, சொதியைக் குடிச்சு ருசி பிடிச்சு, பானையோட திருநெல்வேலிக்குக் கொண்டு போனவை. இதுதானடி நடந்தது” என்றது சுகிர்தாவின் குரல்.

“ஏட்டி, நீ காலையில இடியாப்பத்துக்கு ஊத்துத மஞ்சத் தண்ணியும் எங்க சொதியும் ஒண்ணா? எங்க ஊர்ல கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்துட்டி அது. பாசிப்பருப்பு, முருங்கைக்கா, இஞ்சிப் பச்சடின்னு அமர்க்களப்படும்.”

“மரக்கறிக் கடையையே கொட்டிப் போட்டு அதுக்குச் சொதியெண்டு பேரோ?”

இந்தப் பதில் கோமதி வாயை மூடுவதற்குள் வந்துவிட்டது. ஒளியே பூமிக்குப் போய்ச் சேர இருபது நிமிஷத்துக்கு மேல் எடுக்கிற காலம் அது. இவ்வளவு சுருக்காகப் பதில் சொன்னது சுகிர்தா அல்ல, இடைக்குரல்.

இடைக்குரல் வந்த பிறகுதான் செவ்வாயில் மனிதர்கள் பைத்தியம் பிடிக்காமல் வாழ முடிந்தது. ஒரு வார்த்தை பேசிவிட்டு முக்கால் மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க யாரால் முடியும்? ஒருவர் ஆயுள் முழுக்கப் பேசிய பேச்சைக் கேட்டுக் கேட்டு, அவர் என்ன சொல்வாரோ அதை அவர் குரலிலேயே உடனுக்குடன் சொல்லிக்கொண்டிருக்கும் பொறி அது. கேட்டால் இட்டுக்கட்டியும் சொல்லும். பூமியிலிருந்து உண்மையான பதில் வந்து சேர்ந்ததும், பேச்சு எங்கே நிற்கிறதோ அங்கே அதை நைசாகச் செருகிவிடும். பூமியில் இருப்பவருக்கும் அதே ஏற்பாடுதான். முதலில் எது அசல், எது பொறி என்று காட்ட ஒரு மணியோசை வைத்திருந்தார்கள். மணி அடிக்கிறபோதெல்லாம் மனசு சுணங்குகிறது என்று ஜனங்களே சண்டை போட்டு அதை எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

கோமதியும் சுகிர்தாவும் பெங்களூரில் விண்வெளிப் பயிற்சி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். இரண்டு பேருமே செவ்வாய்க்குத் தேர்வானார்கள். கடைசிப் பரிசோதனையில் சுகிர்தாவின் இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை என்று நிறுத்திவிட்டார்கள். கோமதி மட்டும் வந்து, காற்றை அடைத்துவைக்கும் கவிகைக் கூரைக்குள் இருக்கிற இந்த ஊரின் காய்கறிக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறாள். அன்று தொடங்கி ஒவ்வொரு வெள்ளியும் ஒரே நேரத்தில் சமையல், ஒரே சண்டை. ஒருத்திக்கொருத்தி அன்பாக ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. அதற்கு அவசியமும் வரவில்லை.

இப்போது வந்துவிட்டது.

போன மாதம் சூரியத் திரை விழுந்தது. பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் சூரியன் வந்து நின்றுகொள்கிற நாட்கள் அவை. அப்போது செய்தி எதுவும் போகாது, வராது. இடைக்குரல் மட்டும் தன் போக்கில் பேசிக்கொண்டிருக்கும். திரை விழுவதற்கு முந்தின வெள்ளியில்தான் சுகிர்தா போகிற போக்கில் சொன்னாள்: “அந்தப் பழைய வால்வுக்கு ஒரு சின்ன ஒப்பரேசனாம். பயப்படுறதுக்கு ஒண்டுமில்லை.”

திரை விலகிவிட்டது. வெள்ளிக்கிழமைச் சண்டையும் வழக்கம்போல் நடக்கிறது. “ஒப்பரேசன் என்னாச்சுட்டி?” என்று கேட்டால், “நல்லா முடிஞ்சுது” என்கிறது குரல். “நெசமாவே நீதானா?” என்று கேட்டால், “இல்லை, என்ர ஆவி” என்று சிரிக்கிறது. சுகிர்தா இருந்தாலும் இதைத்தான் சொல்வாள். இல்லாவிட்டாலும் அவளுடைய இடைக்குரல் இதைத்தான் சொல்லும்.

இப்படி ஒன்று முன்பே நடந்திருந்தது. பக்கத்துக் கூடத்து எபனேசரின் அப்பா பூமியில் கிறிஸ்துமஸுக்கே இறந்துபோனார். வீட்டார் மனசு கேட்காமல் இடைக்குரலை நிறுத்தவில்லை. எபனேசர் ஈஸ்டர் வரைக்கும் அப்பாவோடு கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தான்.

இடைக்குரல் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தாள். சந்தாதாரர் உயிரோடு இருக்கிறாரா என்பது அவருடைய அந்தரங்கம் என்று பதில் வந்தது. பொறி இல்லாத வெறும் இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கலாம். கடிதம் எழுதினால் அதற்கும் இடைக்குரலே சுகிர்தாவின் நடையில் பதில் எழுதிவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை அடுப்பில் சொதி கொதி வருகிற நேரத்தில்தான் அவளுக்கு அந்த யோசனை உதித்தது. சுகிர்தா என்னவெல்லாம் சொல்லியிருக்கிறாளோ அது அத்தனையும் பொறிக்குத் தெரியும். இதுவரை நடக்காத ஒன்று நடந்தால் சுகிர்தா என்ன செய்வாள் என்பது பொறிக்குத் தெரியாது. கோமதிக்கே தெரியாது. அப்படி இதுவரை நடக்காதது ஒன்றுதான் இருந்தது.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். சொல்ல நாக்கு எழவில்லை. பாளையங்கோட்டைச் சொந்தபந்தம் கேட்டால் குடும்பத்தைவிட்டே தள்ளிவைத்துவிடும்.

“சரிட்டி சுகிர்தா. நான் ஒத்துக்கிடுதேன். சொதி உங்க ஊருதான். உங்ககிட்ட இருந்துதான் எங்களுக்கு வந்துச்சு.”

“அப்பாடா! இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு காலமோ? பொறு, ஊரெல்லாம் சொல்லிப் போட்டு வாறன்!” குரல் உடனே கெக்கலி கொட்டிச் சிரித்தது.

இது பொறி. இது பொறி என்று கோமதிக்குத் தெரியும். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரல் வெந்தயத்தைப் பற்றிப் பேசியது, தேசிக்காய்ப் புளியை, அதாவது எலுமிச்சைச் சாற்றை, எப்போது விட வேண்டும் என்று பாடம் நடத்தியது. அவள் “ம்” என்று மட்டும் சொன்னாள். அடுப்பில் தேங்காய்ப்பால் திரிந்து தண்ணீர் தனியாகப் போனது. அதை அவள் கவனிக்கவில்லை. உண்மையான பதில் வர வேண்டிய முக்கால் மணி நேரம் ஆனது. தாண்டிய மாதிரியும் இருந்தது.

“பிறகு அடுப்பை நிப்பாட்டிப் போட்டு...” என்று பேசிக்கொண்டிருந்த குரல் பாதியில் நின்றது. யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

“ஆர் நீங்கள்?”

கோமதி எழுந்து நின்றுவிட்டாள்.

“எனக்கு உந்த மெசின் வேண்டாம். தயவுசெய்து ஆரும் ஆக்கள் இருந்தால் கதையுங்கோ. என்ர கோமதி செத்தாலும் சொதியை விட்டுக் குடுக்க மாட்டாள். அங்க கவிகையில காத்துக் கசிஞ்சதெண்டு செய்தியில கேட்டனான். அண்டையில இருந்து எனக்கு நித்திரை இல்லை. அவளுக்கு என்ன நடந்தது? உண்மையைச் சொல்லுங்கோ, நான் தாங்குவன்...” அதற்கு மேல் பேச முடியாமல் அந்தக் குரல் உடைந்து அழுதது.

கோமதிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் அழுகை. காற்றுக் கசிந்தது கிடங்குப் பக்கம், ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை. இருக்கிறாள்! அந்த வால்வுக்காரி உயிரோடு இருக்கிறாள்!

“ஏட்டி கிறுக்கி, நாந்தான்! நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்! சொதி எங்க ஊருதான்!” என்று கத்த வாயெடுத்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். இதைத்தானே தன்னுடைய இடைக்குரல் அங்கே நாள் தவறாமல் கத்திக்கொண்டிருக்கும்? சுகிர்தா எதை வைத்து நம்புவாள்? கோமதி இதுவரை சொல்லாததைச் சொல்ல வேண்டும்.

“சுகிர்தா” என்றாள் மெதுவாக. “நீ செத்துப் போயிட்டியோன்னு பயந்துட்டேன்ட்டி. அதான் அப்படிச் சொன்னேன். நீ இருக்கியா இல்லியான்னு தெரியாம ஒரு வாய் சோறு இறங்கல. இங்க இத்தன பேரு இருக்காவ. ஆனா வெள்ளிக்கிழமை நீ என்னைய வையலைன்னா, நான் எதுக்கு இந்தச் செவக்காட்டுல கெடக்கேன்னு இருக்கும். எனக்கு உன்னைய அவ்வளவு பிடிக்கும்ட்டி. இத ஒரு நாளும் சொன்னதில்ல.”

மறுபடியும் அத்தனை நேரம். இந்தத் தடவை அவள் இடைக்குரலின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே காத்திருந்தாள்.

“கோமதி” என்று வந்தது. மூக்கடைத்த குரல். “நீ வெளிக்கிட்ட அண்டைக்கு நான் ஏவுதளத்துக்கு வராமல் நிண்டது பொறாமையில எண்டுதானே நினைச்சனி? பொறாமையில்லையடி. வந்தால் உன்னைப் போக விடமாட்டன் எண்டு பயந்தனான். அறையில இருந்து உன்ர பழைய சட்டையைக் கட்டிப் பிடிச்சு அழுதனான். உந்தச் சொதி ஆருடையதெண்டாலும் இருந்திட்டுப் போகட்டும். நீ இரு. எனக்கு அது காணும்.”

கோமதிக்கும் அது போதும். அன்றைக்குத் திரிந்துபோன சொதியை அவள் ஒரு சொட்டு விடாமல் சாப்பிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பருப்பை வேகப் போட்டுவிட்டு இணைப்பைத் திறந்தாள். “சுகிர்தா, என்னட்டி செய்த?” என்று கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது.

“உன்ர பழைய சட்டையைக் கட்டிப் பிடிச்சு அழுதனானடி, கோமதி. நீ இரு. எனக்கு அது காணும்.”

அதே மூக்கடைத்த குரல், அதே இடத்தில் உடைகிற மூச்சு. ஒரே வாரத்தில் இடைக்குரல் அழுகையையும் படித்துவிட்டது. இனிமேல் விட்டுக்கொடுத்தும் பேசும், பிடிக்கும் என்றும் சொல்லும், கேட்கிற போதெல்லாம் சொல்லும். அங்கே தன்னுடைய குரலும் இந்நேரம் அவளிடம் அதையே சொல்லிக்கொண்டிருக்கும்.

கோமதி பருப்பை ஒரு கிண்டு கிண்டிவிட்டாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“ஏட்டி, இதுவரைக்கும் உங்கிட்டச் சொல்லாத ஒண்ணு சொல்லுதேன், கேளு. விடுதியில நீ மொத மொதல்ல சொதி வச்சப்போ, தண்ணியா இருக்குன்னு மொகத்தச் சுளிச்சேன்லா? நீ தூங்கின பொறவு மிச்சத்தப் பூராவும் சட்டியோட குடிச்சது நாந்தான். பூனை குடிச்சிட்டுன்னு உங்கிட்டச் சொன்னேன்.”

இடைக்குரல் உடனே ஏதோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்தது. நன்றாகத்தான் சிரித்தது. கோமதி அதை அடக்கிவிட்டு, அடுப்பைத் தணித்தாள். அவள் சொன்ன பூனை இப்போதுதான் கிளம்பியிருக்கிறது, கோப்பாய் போய்ச் சேர்ந்து பதிலோடு திரும்ப வேண்டும். காத்திருக்க வேண்டாம் என்பதற்காகக் கண்டுபிடித்த பொறியின் முன்னால், கையைக் கட்டிக்கொண்டு, சந்தோஷமாக அவள் காத்திருந்தாள்.