கண்ணாடியில் ஒரு கார் குறைந்தது

போன் அடித்தது.

சோபாவில் சரிந்து கிடந்தவன் கண்ணைத் திறந்தான். மடியில் கோப்பை. உடம்பெல்லாம் ஷாம்பெயின் பிசுபிசுப்பு. அணியின் ஓய்வறைக்கு வெளியே இன்னும் அவன் பெயரைச் சொல்லிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. பத்திரிகைக்காரர்கள் வைத்தது.

ஐஸ்.

எந்த வளைவிலும் கை நடுங்காதவன். எவன் குறுக்கே வந்தாலும் முகம் மாறாதவன். சற்று முன்புதான் வருடத்தின் கடைசி ரேஸை ஜெயித்து சாம்பியன் ஆனவன்.

அந்தக் கை இப்போது போனை எடுக்கத் தடுமாறியது.

"டாக்டர்... மச்சான் எப்படி இருக்கார்?"

"நீ உட்கார்ந்திருக்கியா?" என்று கேட்டார் அணியின் டாக்டர்.

"சொல்லுங்க டாக்டர்."

"ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டு போகக்கூட அவர் எங்களுக்கு நேரம் கொடுக்கலப்பா. போயிட்டார்."

கோப்பை மடியிலிருந்து உருண்டு, தரையில் விழுந்து, சோபாவுக்கு அடியில் போய் நின்றது. அவன் அதைத் தேடவில்லை.

மச்சான்... அக்காவின் கணவர். அதே அணியில் இன்னொரு காரை ஓட்டியவர். இவர்கள் இரண்டு பேரில் இன்றைக்கு யார் முன்னால் வருகிறாரோ அவருக்குத்தான் பட்டம்.

கடைசிச் சுற்று. கடைசி வளைவு. இரண்டு கார்களும் தோளோடு தோள் உரசின. உள்பக்கம் இவன். வெளிப்பக்கம் மச்சான்.

ஒரு கார் போகிற அளவுக்கு இடம் விட்டிருந்தால் போதும்.

இவன் விடவில்லை. ஸ்டியரிங்கை லேசாக ஒடித்து வழியை அடைத்தான். புத்தியுள்ள எவனும் அந்த இடத்தில் பிரேக்கை மிதித்துப் பின்வாங்குவான். மச்சான் மிதிக்கவில்லை. நேராகப் போய்... சுவரில்.

அவனைக் குடைந்தது அதுகூட இல்லை.

பக்கக் கண்ணாடியிலிருந்து அந்த மஞ்சள் கார் காணாமல் போன நொடியில் மனசுக்குள் முதலில் வந்தது பதற்றம் இல்லை. பயம் இல்லை.

'அப்பாடா... ஒருத்தன் குறைஞ்சான்.'

கூடப் பிறந்தவளின் புருஷனைப் பற்றித்தான் அப்படி நினைத்தான்.



ஆஸ்பத்திரி வராந்தாவின் கடைசி பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். நிறைமாத வயிற்றின் மேல் இரண்டு கைகளும். அழுது முடித்த முகம் இல்லை. அழவே ஆரம்பிக்காத முகம்.

அம்மா போன பிறகு அவனுக்குத் தலை வாரிவிட்டவள் அவள். காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து விடிய விடிய விசிறியவள் அவள். இப்போதும் அணியோடு கூடவே வருவாள். சாப்பாட்டிலிருந்து, ரேஸ் ஓடும்போது குழாய் வழியாகக் குடிக்கிற தண்ணீர் வரைக்கும் அவள் கை படாமல் இவன் காருக்குள்ளும் எதுவும் போகாது, மச்சான் காருக்குள்ளும் போகாது.

அவன் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா..."

அவள் குனிந்து அவன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்பினாள். கண்ணுக்குள் உற்றுப் பார்த்தாள்.

"உனக்கு ஒண்ணும் இல்லையாடா? தலை சுத்தல், மயக்கம்... எதுவும் வரலையா?"

"எனக்கு என்னக்கா? நல்லாத்தான் இருக்கேன். நல்லா இருக்கிறதுதான் கேவலமா இருக்கு."

"காருக்குள்ள கண்ணு இருட்டலையே?"

"இல்லக்கா. ஏன் கேக்குறே?"

அவள் கைகளை எடுத்துக்கொண்டாள்.

"சும்மாதான்."

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் டிராலியைத் தள்ளிக்கொண்டு போனார். சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது. அது வராந்தாவின் மறுகோடிக்குப் போனதும் அவன் ஆரம்பித்தான்.

"போன வாரம் உன் சமையல்கட்டுல வெச்சுக் கெஞ்சினியே அக்கா... 'ஒரே ஒரு தடவை அவரை ஜெயிக்க விடுடா. ஜெயிச்சா ரேஸை விட்டுடுறேன்னு சத்தியம் பண்ணியிருக்கார். குழந்தை பிறக்கிறப்ப அப்பன் வீட்ல இருக்கட்டும்'னு... நான் என்ன சொன்னேன்?"

"இப்ப எதுக்குடா அது?"

"'ட்ராக்ல இறங்கிட்டா சொந்தமும் கிடையாது, பந்தமும் கிடையாது'ன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன். வாயில உன் வீட்டுப் பலகாரத்தை மென்னுக்கிட்டே சொன்னேன்."

"விடுடா."

"ஏற்கெனவே வாங்கின கோப்பையெல்லாம் வீட்ல தூசி படிஞ்சு கிடக்கு. இன்னும் ஒண்ணை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்? விட்டுக் கொடுத்திருக்கலாம். ஆனா ஹெல்மெட்டை மாட்டிட்டா எனக்கு மனுஷங்களே தெரிய மாட்டேங்குறாங்கக்கா. இடைவெளி மட்டும்தான் தெரியுது. எங்க நுழையலாம்... எவனை அடைக்கலாம்... அவ்வளவுதான். நான்தான் அவரைக் கொன்னேன்."

"நீ கொல்லல."

ஆறுதல் சொல்கிற குரலே இல்லை அது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"இன்னிக்கு அவருக்கு நான் பண்ணின ஒரே நல்ல காரியம் என்ன தெரியுமா? கிளம்புறதுக்கு முன்னாடி அவரோட தண்ணி பாட்டில் ஒழுகிப் போச்சு. சீட்டெல்லாம் ஈரம். மாத்துறதுக்கு வேற இல்ல. என் கார்ல இருந்ததைக் கழட்டிக் கொடுத்தேன். 'எனக்குத் தொண்டை காஞ்சாலும் பரவாயில்ல, வயசானவர் நீங்க குடிங்க'ன்னு கிண்டல் பண்ணினேன். அவரும் சிரிச்சார். 'தண்ணி கொடுத்தவனுக்கே தண்ணி காட்டுறேன் பாரு மாப்ள'ன்னார்."

அக்காவின் கை பெஞ்சின் விளிம்பைத் தேடியது.

"எந்த... எந்த பாட்டில்?"

"என்னோடதுதான். சிவப்பு மூடி. நீ கலக்கி வெச்சியே, அது."

அக்கா எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள். நின்றாள்.

பிறகு அந்த வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி ஓர் அலறல்...

அவன் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டான். இப்போதுதான் அழுகை வந்திருக்கிறது என்று நினைத்தான். அழட்டும், நல்லதுதான் என்றும் நினைத்தான்.



மறுநாள் காலையிலிருந்து அக்கா போனை எடுக்கவில்லை. ஊசி போட்டுத் தூங்க வைத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டான்.

மத்தியானம் வேறொரு போன் வந்தது.

"இன்ஸ்பெக்டர் பேசுறேன். ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க. டாக்ஸி பிடிச்சு வாங்க சார். நீங்களே ஓட்டிக்கிட்டு வந்தீங்கன்னா வழியில இன்னொரு கேஸ் எழுத வேண்டியிருக்கும்."

ஸ்டேஷனில் இருந்த இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தார். அறையில் இரண்டு நாற்காலி, ஓர் இரும்பு அலமாரி, ஆடி ஆடிச் சுற்றுகிற மின்விசிறி. பக்கத்து அறைக்குப் போகும் கதவு ஒருக்களித்து மூடியிருந்தது.

"உட்காருங்க. நான் ரேஸெல்லாம் பார்த்தது இல்ல. என் ஸ்கூட்டரை சைக்கிள்காரங்களே தாண்டிப் போவாங்க. அதனால தெரியாமத்தான் கேக்குறேன். எதுக்கு ஓட்டுறீங்க?"

"எல்லாரும் கேக்குற கேள்விதான் மேடம்."

"எல்லாருக்கும் சொல்ற பதில் வேண்டாம்."

டி.வி.க்காரர்களுக்கென்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். வேகம், கனவு, விடாமுயற்சி. இன்றைக்கு அது நாக்கில் ஏறவில்லை.

"சின்ன வயசுல எனக்கு எல்லாத்துக்கும் பயம். அம்மா இருமினா பயம். வாசல்ல யாராவது கூப்பிட்டா பயம். முதல் தடவை ரேஸ் கார்ல உட்கார்ந்த அன்னிக்குத்தான் அது இல்லாம இருந்துச்சு. அடுத்த வளைவு... அதுக்கு அடுத்த வளைவு. மனசுல வேற எதுக்கும் இடம் இருக்காது. இறங்கினதும் திரும்ப வந்து ஒட்டிக்கும். அதனால மறுபடி ஏறிடுவேன். முன்னாடி ஒரு கார் போனா அந்தப் பயம் எட்டிப் பார்க்கும். அதனால எவனையும் முன்னாடி விடுறதில்ல."

"உங்க மச்சானையும்."

"அவரையும்தான். ஒரே ஒரு தடவை ஜெயிக்கணும்னு ஆசைப்பட்டார். நான் கொடுக்கல. சுவர் பக்கம் தள்ளினதும் நான்தான். எழுதிக்குங்க."

"அவசரப்படாதீங்க. அந்த வீடியோவை ரேஸ் நடத்துறவங்க திருப்பித் திருப்பிப் பார்த்தாச்சு. நீங்க பண்ணினது விதிப்படி சரிதானாம். பிரேக் போட அவருக்கு நேரம் இருந்திருக்கு. ஆனா கால் அந்தப் பக்கமே போகல."

"ஏன்?"

"தூங்கிட்டார்."

மின்விசிறி ஒரு சுற்று தடுமாறி மறுபடி ஓடியது.

"அதுக்கு முன்னாடியே ரேடியோல சொல்லியிருக்கார், 'கண்ணு சொக்குது'ன்னு. காரை உள்ள கொண்டு வாங்கன்னு இன்ஜினியர் தொண்டை கிழியக் கத்தியிருக்கார். இவர் என்ன பதில் சொன்னார் தெரியுமா? 'முன்னாடி போறது என் மாப்ள. இன்னிக்கு விட்டா என்னிக்கும் பிடிக்க முடியாது.'"

அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் மேஜை டிராயரை இழுத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பாட்டில். நசுங்கியிருந்தது. சிவப்பு மூடி.

"ரத்தத்துல தூக்க மாத்திரை. இதுல மிச்சமிருந்த தண்ணியிலயும் அதே மாத்திரை. மூடியில உங்க கார் நம்பர். இது எப்படி சார் அவர் காருக்குள்ள போச்சு?"

"நான்தான் கொடுத்தேன்."

சொல்லி முடிக்கும்போதே அந்தச் சிவப்பு மூடியை மறுபடி பார்த்தான்.

என் பாட்டில்...

எனக்காகக் கலக்கியது...

'தலை சுத்தல், மயக்கம்... எதுவும் வரலையா?'

எல்லாம் விளங்கிவிட்டது. தம்பிக்குத் தூக்கம் வர வேண்டும். பின்தங்க வேண்டும். புருஷன் ஜெயிக்க வேண்டும். ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது. கேட்டுப் பார்த்தாள். கெஞ்சிப் பார்த்தாள். இவன் பலகாரத்தை மென்றுகொண்டே சிரித்தான்.

இவன் இரக்கமில்லாமல் செய்த எதுவும் மச்சானைக் கொல்லவில்லை. இரக்கப்பட்டுக் கொடுத்த ஒரு வாய்த் தண்ணீர் கொன்றிருக்கிறது.

அக்கா மேல் கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. அவள் கேட்டபோதே சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த மேஜை மேல் இந்த பாட்டில் இருக்காது.

நிறைமாத வயிறு கண்ணுக்குள் வந்தது. அந்தக் குழந்தைக்கு அப்பா இல்லை. அம்மாவும் கம்பிக்குப் பின்னால் என்றால்...

நிமிர்ந்து உட்கார்ந்தான். முகம் பழைய ஐஸ்.

"மாத்திரை கலந்தது நான்தான் மேடம்."

"அப்படியா? எதுக்கு?"

"ஜெயிக்கிறதுக்கு. அதுக்காக நான் எதுவும் செய்வேன்னு ஊரே சொல்லுதே. அவர் பாட்டிலை ஓட்டை போட்டதும் நான். என்னோடதை எடுத்துக் கொடுத்ததும் நான்."

இன்ஸ்பெக்டர் ஒருவழியாக நெற்றியைத் தடவி மூக்குக்கண்ணாடியைக் கண்டுபிடித்தார். போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"மாத்திரை என்ன கலர்?"

"வெள்ளை."

"பேரு?"

"அது... ஏதோ ஒண்ணு."

"மருந்துக் கடையிலயும் 'ஏதோ ஒண்ணு கொடுங்க'ன்னுதான் கேட்டீங்களா?"

அவன் நெற்றியில் வேர்வை அரும்பியது.

"ஐஸ்னு பேரு வெச்சிருக்காங்க. இப்படி உருகுறீங்களே சார்."

"மேடம், நான் கையெழுத்துப் போடுறேன். என்ன வேணா எழுதுங்க, படிக்காமப் போடுறேன். இதை இதோட விட்டுடுங்க."

"டேய்..."

பக்கத்து அறையிலிருந்து வந்தது அந்தக் குரல்.

கதவு திறந்திருந்தது. அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேற்றுக் கட்டியிருந்த அதே புடவை. பக்கத்தில் ஒரு பெண் போலீஸ் அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"அவன் சொல்றது எதையும் எழுதாதீங்க மேடம். சின்ன வயசுலேர்ந்தே அவனுக்குப் பொய் சொல்ல வராது." தம்பி பக்கம் திரும்பினாள். பார்வை அவன் முகம் வரைக்கும் ஏறவில்லை. "நீ வீட்டுக்குப் போடா. உன் தண்ணியில கை வெச்சவடா நான். எனக்காக நீ நிக்காதே."

"நீ கேட்டப்ப நான் கொடுக்கலையேக்கா."

"நீ கொடுக்கல. நான் எடுத்துக்கலாம்னு நினைச்சேன்."

அவளால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. பெண் போலீஸ் அவளை உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் குரலைத் தணித்தார்.

"தூக்கம் வராம அவங்க சாப்பிடுற மாத்திரையாம். கண்ணு சொக்கினா காரை ஓரங்கட்டிடுவீங்கன்னு நினைச்சாங்களாம். உங்க ரகம் ஓரங்கட்டாதுன்னு, ரெண்டு பேரை வீட்ல வெச்சிருந்தும் அவங்களுக்கு உறைக்கல."

"மேடம்... இந்த ஒரு தடவை அவளை விட்டுடுங்க. பழி என் மேலயே இருக்கட்டும். எனக்கு அது பொருத்தமாத்தான் இருக்கும்."

இன்ஸ்பெக்டர் பாட்டிலை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார். எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"லேட் சார். உங்க அக்கா விடிஞ்சதுமே வந்து எல்லாத்தையும் சொல்லிக் கையெழுத்தும் போட்டுட்டாங்க. இந்த ரேஸ்ல உங்களுக்கு ரெண்டாவது இடம்தான். பழகிக்குங்க."