மைனாக்கள் அடையும் நேரம்

மரத்தில் அடைய வந்த மைனாக் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல், "அக்கா" என்றது.

ஜன்னலைச் சாத்தப் போன கையை அவள் அப்படியே நிறுத்தினாள். தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தில் சாயங்காலமானால் நூற்றுக்கணக்கான மைனாக்கள் வந்து இறங்கி, இடத்துக்குச் சண்டை போட்டு, கத்தித் தீர்த்து, வெளிச்சம் போனதும் யாரோ அதட்டியது போல ஒரே நொடியில் அடங்கிவிடும். அந்த இரைச்சல் அவளுக்குப் பழகிப்போனது. மரங்களில் கட்டிவைத்த ஒலிப்பதிவுக் கருவிகளிலிருந்து ஓர் ஆராய்ச்சி மையம் அனுப்பும் பதிவுகளைக் கேட்டு, எது எந்தப் பறவை என்று பிரித்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. ஒரே வேலியில் கத்தும் இரண்டு தவிட்டுக்குருவிகளைக்கூடத் தனித்தனியாக அடையாளம் சொல்கிற காது அது. அந்தக் காதுக்கு இந்த "அக்கா"வில் சந்தேகமே வரவில்லை. அது தம்பியின் குரல்.

தம்பி காணாமல் போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. கட்டடங்களில் பறவை அண்டாமல் வலை கட்டுகிறவன். ஒரு நாள் காலையில் பச்சை நைலான் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு, "சின்ன வேலதான்க்கா, மத்தியானம் வந்துடுவேன்" என்று கிளம்பியவன், போனவன் போனவன்தான். எந்தக் கட்டடம் என்று அவள் கேட்கவில்லை. காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாள். காவல் நிலையத்தில், "வயசுப் பையன், எங்கயாச்சும் சுத்திட்டுத் தானா வருவான்மா" என்று தேநீர் ஆறுகிற அவசரத்தில் சொல்லி அனுப்பினார்கள். அப்பா, அம்மா போன பிறகு அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆள் அவன்.

"அக்கா, கதவு திறக்கல."

இந்த முறை பறவையைப் பார்த்துவிட்டாள். பழுப்பு உடம்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள், ஊரெல்லாம் திரிகிற சாதாரண மைனா. இரண்டு தடவை தலையைக் குனிந்து நிமிர்ந்து, தொண்டையை உப்பவைத்துச் சொன்னது. சொல்லிவிட்டு இறக்கையைக் கோதிக்கொண்டது.

மைனா தானாக ஒன்றும் சொல்லாது. திரும்பத் திரும்பக் கேட்டதைத்தான் சொல்லும், அதுவும் கூட்டுக்குப் பக்கத்தில் கேட்டதை. அப்படியானால் தம்பி எங்கோ ஒரு கதவுக்குப் பின்னால் உயிரோடு கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாள் காவல் நிலையத்துக்கு ஓடிப் போய்ச் சொன்னாள். அங்கிருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அதிலிருந்து சாயங்காலம் எப்போது வரும் என்று காத்துக் கிடந்தாள். சோறு இறங்கவில்லை. புதிதாக ஒரு வார்த்தை கேட்டால் அவன் இன்னும் இருக்கிறான் என்று அர்த்தம். அந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். "தண்ணி இல்லக்கா" என்றது ஒரு மைனா. அடுத்த நாள் இன்னொன்று, அவனுக்குச் சளி பிடித்தால் வருகிற வறட்டு இருமலை அப்படியே இருமிக் காட்டியது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

பிறகு ஒரு சாயங்காலம் ஒரு பெண் குரல் வந்தது.

"ஐயா, இது மைனா இல்ல. நான் மனுஷி."

அவள் அதைப் பதிவு செய்து, வழக்கம் போலக் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு, திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். ("உனக்கு ஒரு சத்தம் கேக்கணும்னா ஊரே வாய மூடணும்" என்று தம்பி கிண்டல் செய்வான்.) வேகத்தைக் குறைத்துக் கேட்டாள். யாரென்று பிடிபடவில்லை. எங்கோ கேட்ட குரல்தான், ஆனால் தெரிந்தவர்கள் யாருடைய குரலும் இல்லை. யாராக இருந்தாலும் சரி, தம்பியோடு ஒருத்தி இருக்கிறாள், அவன் தனியாக இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் மதியமே மரத்தடியில் போய் நின்றுவிட்டாள். வெயில் தாழும்போது ஒரு ஜோடி மைனா வந்தது. ஒன்றின் அலகில் பச்சை நூல். கூடு மெத்தைக்குக் கந்தலும் காகிதமும் பொறுக்குகிற ஜாதிதான், ஆனால் அந்த நூலின் நுனியில் இருந்த இரட்டை முடிச்சு தம்பி போடுகிற முடிச்சு. வலை பிரியாமல் இருக்க அவன் போடுவது, வீட்டுக் கொடிக்கயிற்றிலும் அதைத்தான் போட்டிருந்தான்.

ஜோடி கிளம்பியது. அவள் பின்னாலேயே ஓடினாள். செருப்பு அறுந்தது, கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள்.

இரண்டு தெரு தாண்டி, மூடிக் கிடந்த ஓர் அலுவலகக் கட்டடத்தின் பின்பக்கம் அவை இறங்கின. முன்வாசலில் ஒரு வயதான காவலாளி சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வல கட்ட ஒரு பையன் வந்தானா ஐயா?"

"வந்தாம்மா. பின்னால குழாயெல்லாம் இறங்குற டக்ட்டுக்கு வல கட்டிட்டுப் போயிட்டான். போனதப் பாக்கல, வல கட்டியிருந்துச்சு. அப்ப போயிட்டான்னுதானே அர்த்தம்?"

"அங்க யாரும் கூப்பிடுற சத்தம் கேக்கலயா?"

அவர் சிரித்தார். "அத ஏம்மா கேக்குற. இந்த மைனாச் சனியனுங்க நாள் பூரா மனுஷன் மாதிரிதான் பேசுதுங்க. மொதல்ல நானும் யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு ஓடி ஓடிப் பாத்தேன். கதவத் தெறந்தா காலி. இப்ப கண்டுக்கிறதே இல்ல."

"எப்ப இருந்து பேசுது?"

"அந்தப் பையன் வர்றதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சிடுச்சே. அக்கா, கதவு திறக்கலன்னு."

பெரியவருக்கு நாள் குழம்பியிருக்கிறது என்று நினைத்தாள். நின்று யோசிக்க அவளுக்குப் பொறுமை இல்லை. வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் அந்தப் பேச்சை இன்னும் ஒரு தடவை கேட்டிருப்பாள்.

பின்சுவரை ஒட்டி ஓர் இரும்புக் கதவு. வெளியே தாழ்ப்பாள் மட்டும். இழுத்ததும் முகத்தில் மோதிய நாற்றத்தில் எச்சமும் ஈரச் சிமெண்டும் நைந்த இறகும் இருந்தன, அவற்றுக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அதற்குப் பெயர் வைக்க அவள் மனம் ஒப்பவில்லை. ஒரு செங்கல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கிணற்றை நிமிர்த்தி வைத்தது போல உயர்ந்து போன சுவர்கள், துருப்பிடித்த குழாய்கள், உச்சியில் பச்சை வலை, வலைக்கு மேலே சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டுப்பட்ட சாயங்கால வானம்.

"தம்பி?"

குழாய்களுக்குப் பின்னால், மூலையில், மெல்லிசாக ஏதோ அசைந்தது. அக்கா என்றதா? வெளியே, கட்டடத்து விளிம்புகளிலும், மைனாக்கள் அடைகிற நேரம். இரைச்சல் காதை அடைத்தது. ஒன்றுமே பிரியவில்லை. அவள் காதைத் தீட்டினாள். இன்னும் கொஞ்சம் அமைதி இருந்தால் போதும், கண்டுபிடித்துவிடலாம்.

செங்கல்லைக் காலால் தள்ளிவிட்டு, கதவின் விளிம்பைப் பிடித்து இழுத்துச் சாத்தினாள்.

வெளியே டக்கென்று தாழ்ப்பாள் விழுந்தது.

இப்போது கேட்டது. காய்ந்த வலைத் துண்டு ஒன்று காற்றில் சுவரை உரசும் சத்தம். அது சிக்கியிருந்த இடத்தைப் பார்த்தாள். சட்டைப் பொத்தான். சட்டை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, பையை மடியில் வைத்துக்கொண்டு, கன்னம் ஒட்டிக் காய்ந்துபோன முகம். கண் இருந்த இடத்தில் கண் இல்லை. உயிர் போய் நெடுநாள் ஆகியிருந்தது. ஊரே கேட்கும்படி அவன் பேசிக்கொண்டிருந்த இத்தனை சாயங்காலமும் அவன் இப்படித்தான் இருந்திருக்கிறான்.

அவள் அலறிக்கொண்டே கதவுக்கு ஓடினாள். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு துளைகள். கதவின் இந்தப் பக்கம் முழுக்க நகக் கீறல். போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. தட்டினாள். உள்ளங்கை கன்றிப்போகத் தட்டினாள்.

வெளியே சைக்கிள் சத்தம். காவலாளி வீட்டுக்குக் கிளம்புகிறார். சுவரை ஒட்டித்தான் வருகிறார்.

"யாராவது இருக்கீங்களா? கதவு திறக்கல! ஐயா!"

சைக்கிள் நின்றது. அவள் கதவில் வாயை வைத்துக் கத்தினாள்.

"ஐயா, இது மைனா இல்ல. நான் மனுஷி!"

சுவர்கள் அந்தக் குரலை வாங்கி, வெளியாளின் குரலாக்கித் திருப்பித் தந்தன. அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"ஆரம்பிச்சிடுச்சுங்க" என்றார் வெளியே அவர், அலுப்போடு. சைக்கிள் நகர்ந்தது. சத்தம் தேய்ந்தது.

பிறகு இரைச்சல் அடங்கியது. ஒரே நொடியில்.

நிமிர்ந்து பார்த்தாள். வலை முழுக்க மைனாக்கள். வரிசையாக. கீழே பார்த்துக்கொண்டு.

ஒன்று தலையைக் குனிந்து நிமிர்ந்தது. "தண்ணி" என்றது, அவள் குரலில். அவள் இன்னும் கேட்காத தண்ணீர்.

அடுத்தது இருமியது. அவளுடைய இருமல்.

அதற்கடுத்தது, "தம்பி, கொஞ்சம் தள்ளிப் படு" என்றது. கொஞ்சலாக. நாக்கு குழறியபடி.

சொல்லக் கூடாது. இதில் ஒன்றைக்கூடச் சொல்லக் கூடாது. அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தம்பியின் காலடியில் உட்கார்ந்தாள்.

தொண்டை காயத் தொடங்கியது.

மேலே மைனாக்கள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தன.