கண்ணாடிக்குள் ரப்பர் மரங்கள்

மாசாய் டவுனில் அந்த மூலை வீட்டைப் பார்த்த மாத்திரத்தில் செபஸ்தியனுக்குப் பிடித்துப்போனதற்கு ஒரே காரணம்தான். படுக்கையறை சன்னலில் யாரோ கண்ணாடித் தாள் ஒட்டியிருந்தார்கள். வெளியே நின்று பார்த்தால் நம் முகம் தெரியும், உள்ளே வெயில் எட்டிப் பார்க்காது. இரவெல்லாம் உழைத்துவிட்டுப் பகலில் தூங்குகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? குழாய் ஒழுகுவதையும் கதவு கிறீச்சிடுவதையும் அவன் கண்டுகொள்ளவே இல்லை.

பக்கத்திலுள்ள பாசிர் கூடாங்கில் ஓர் உரக் கிடங்கில், உரம் அள்ளிக் கொட்டும் லோடர் வண்டியை அவன் ஓட்டுகிறான். மாலை ஏழு முதல் காலை ஏழு வரை. மனைவி செசிலியாவுக்கு எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு கிளினிக்கில் வேலை. விடியுமுன் கிளம்பிப் போய், இவன் வேலைக்குப் போன பிறகுதான் திரும்புவாள். வீட்டில் ஒரே கட்டில். அவள் எழுந்துபோன பள்ளத்தில் இவன் வந்து விழுவான். "நாம புருஷன் பொண்டாட்டி இல்லைங்க, ஒரே கட்டிலுக்கு ரெண்டு ஷிப்ட்" என்று ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில் அவள் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடிப்பதற்குள் இருவருக்கும் கொட்டாவி வந்துவிடும்.

தூக்கம் அவனுக்கு ஆடம்பரம் இல்லை. போன மாதம் லோடரில் உட்கார்ந்தபடியே ஒரு கணம் கண் செருகிவிட்டது. முன்பக்க வாளி போய்த் தூணில் மோதியது. ஒரு கை தூரத்தில் விளக்குமாறும் கையுமாக நின்றிருந்தான் ஷோஹாக், வங்காளதேசத்துப் பையன், ஊரில் சின்னக் குழந்தை இருக்கிறது. இன்னொரு தடவை நடந்தால் வண்டியை விட்டு இறக்கிவிடுவேன் என்றார் சூப்பர்வைசர் மனோகரன். அதற்குக்கூட செபஸ்தியன் பயப்படவில்லை. ஷோஹாக் நிமிர்ந்து பார்த்தானே, அந்தப் பார்வைக்குத்தான் பயந்தான். பகலில் தூங்காமல் போனால் இரவில் ஒருவனைக் கொன்றுவிடுவோம் என்று அவனுக்கு நிச்சயமாகத் தோன்றியது.

உலகத்திலேயே அவனுக்குப் பிடித்த சத்தம் ஒன்று உண்டு. காலை ஏழு மணிக்கு அடுத்த ஷிப்ட் வசந்தன் வந்து, கேபின் கண்ணாடியில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவான். டொக், டொக். "ரைட், நீ பாத்துக்கோ" என்று இவன் இறங்கிவிடுவான். பதின்மூன்று வருஷப் பழக்கம். இயந்திரச் சத்தத்தில் வேறு பேச்சுக்கு இடமில்லை. அந்தத் தட்டைக் கேட்டதும் அவன் வாய் தானாகவே பதில் சொல்லிவிடும்.

குடிவந்த மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு முதல் பறவை மோதியது.

பந்து எறிந்ததுபோல் ஒரு 'டம்'. திடுக்கிட்டு எழுந்து வெளியே போய்ப் பார்த்தான். சன்னலுக்குக் கீழே பச்சை இறகுள்ள புறா ஒன்று கழுத்து மடங்கிக் கிடந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது. கண்ணாடியில் அதன் இறக்கை விரிந்த தடம், மாவு பூசியதுபோல் அப்படியே பதிந்திருந்தது.

துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு பிரேமலா எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினாள். 'பூனாய் தானா' என்று மலாய்க்காரர்கள் சொல்லும் காட்டுப்புறா, தோட்டத்துப் பக்கம்தான் இருக்கும், டவுனுக்கு ஏன் வந்ததோ என்றாள். மகள் லோஷினி போனில் படித்துச் சொன்னாளாம். கண்ணாடியில் மரம் தெரிந்தால் பறவைக்கு அது காடாகத்தான் படுமாம். உள்ளே போய் உட்காரலாம் என்று பறந்து வந்து மோதிச் சாகுமாம்.

சரிதான் என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினான் செபஸ்தியன். இரண்டடி எடுத்துவைத்த பிறகுதான் உறைத்தது.

எதிரே ஓர் ஆள் உயரச் சிமெண்டுச் சுவர். அதற்கப்பால் பழைய கார்களை உடைக்கும் இடம். கண்ணுக்கெட்டிய வரை ஒரு முருங்கைகூட இல்லை.

அதற்குப் பிறகு தினமும் ஒன்று. சில நாள் இரண்டு. மீன்கொத்தி, மைனா, பெயர் தெரியாத நீலக் குருவி. படுத்து, கண் சொருகி, கை கால் மரத்துப்போகும் அந்த நேரம் பார்த்துத்தான் மோதும். சன்னலுக்கு உள்ளே செய்தித்தாள் ஒட்டினான். வெளியே பழைய சிடிக்களைக் கட்டித் தொங்கவிட்டான். சவர்க்காரத் தண்ணீர் தெளித்துப் பிளேடால் அந்தக் கண்ணாடித் தாளைச் சுரண்டிப் பார்த்தான். வீட்டுக்கூரையே பெயர்ந்தாலும் நான் பெயரமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருந்தது அது. மூன்றாவது வாரம் காப்பியில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுக் குடித்தான். பாதி குடித்த பிறகுதான் தெரிந்தது. அலுப்பில் மிச்சத்தையும் குடித்துவிட்டான்.

அன்று செத்த மைனாவை அள்ளக் குனிந்தவன், நிமிரும்போது கண்ணாடியைப் பார்த்தான்.

அதில் சுவர் இல்லை.

வரிசை வரிசையாக ரப்பர் மரங்கள். பால் வெட்டிய தழும்புள்ள பழைய மரங்கள். கீழே சருகு. நல்ல நிழல். அந்த உச்சி வெயிலிலும் கண்ணாடிப் பக்கமிருந்து ஈர மண்வாசனையும், காய்ந்த ரப்பர் பாலின் புளிச்ச நாற்றமும் வந்தன.

திரும்பிப் பார்த்தான். சுவர்தான் இருந்தது.

மறுபடி கண்ணாடியைப் பார்த்தான். மூன்றாவது வரிசையில், நீலக் கோட்டு போட்ட ஒருவன் மரத்தில் சாய்ந்து நின்றிருந்தான்.

தூக்கமில்லாதவன் கண்ணுக்கு எதுதான் தெரியாது என்று தன்னையே தேற்றிக்கொண்டான். ஆனாலும் பிரேமலாவிடம் போய், முன்னால் இங்கே குடியிருந்தது யார் என்று கேட்டான். யுகேந்திரன் என்று ஒரு தம்பி, கம்ப்யூட்டர் சிப் பேக்டரியில் பெட்டி அடுக்குகிற வேலை, அவரும் நைட் ஷிப்ட்தான் என்றாள். கண்ணாடித் தாள் ஒட்டியது அவர்தானாம். வேலை விட்டு வந்தாலும் பேக்டரியில் கொடுத்த நீலக் கோட்டைக் கழற்றவே மாட்டாராம்.

"அவரும் பாவம், ரொம்ப நாளா தூக்கமே இல்லாமத்தான் இருந்தாரு," என்றாள் பிரேமலா. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்புறம் ஒரு நாள் நல்லா தூங்கிட்டாரு தம்பி. அப்பவும் இப்படித்தான் பறவை வந்து மோதிக்கிட்டிருந்துச்சு, அதுவும் நின்னுபோச்சு. ஒரே வாரத்துல வீட்டக் காலி பண்ணிட்டாரு. மூணு வருஷம் பக்கத்துலயே இருந்த மனுஷன், போறப்ப என்னப் பாத்து உங்க பேரு என்னன்னு கேட்டாரு."

செபஸ்தியன் அன்று செசிலியாவுக்குப் போன் போட்டான். நடந்ததை முழுக்கச் சொல்லத் தெம்பில்லை. வீடு மாற்றிவிடலாமா என்று மட்டும் கேட்டான். சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டு வருவதாகவும், உட்கார்ந்து பேசலாம் என்றும் அவள் சொன்னாள். அவள் குரலிலும் தூக்கம்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை வேலை விட்டு வந்தவன் காலணியைக்கூடக் கழற்றவில்லை. நெஞ்சின் மேல் ஜெபமாலையை வைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தான். வெளியே மழை கட்டிக்கொண்டு வந்தது. அன்று ஒரு பறவையும் மோதவில்லை. ஒட்டிய செய்தித்தாள் எப்போதோ கிழிந்து தொங்கியிருந்தது. கிழிசலுக்கு அப்பால் இருக்க வேண்டிய சுவர் இல்லை. மரங்கள், படுத்த இடத்திலிருந்தே தெரிந்தன.

எழுந்து ஓட வேண்டும் என்று மனசு சொன்னது. உடம்பு கேட்கவில்லை.

இரண்டாவது வரிசையில் நீலக் கோட்டு.

கண்ணை மூடித் திறந்தான்.

முதல் வரிசை.

மூடித் திறந்தான்.

சன்னலை ஒட்டி நின்றிருந்தான் அவன். கன்னம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு இருந்தான். பார்த்தால் பயத்தைவிடப் பரிதாபம்தான் வந்தது. நைட் ஷிப்ட்காரன் முகம் அது. செபஸ்தியன் தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்.

"அண்ணே," என்றான் அவன், காற்று மாதிரி. "நின்னு நின்னு கால் போச்சுண்ணே. ஆள் மாத்தணும்."

செபஸ்தியன் வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அருள்நிறைந்த மரியே ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினான். பாதியில் வார்த்தைகள் குழைந்தன. இமைகள் ஈயமாகக் கனத்தன. கிடங்கில் இருக்கிறோம், லோடரில் உட்கார்ந்திருக்கிறோம், விடிந்துவிட்டது என்று ஒரு சுகமான நினைப்பு வந்தது.

டொக், டொக்.

"ரைட்," என்றது அவன் வாய். "நீ பாத்துக்கோ."

சருகு முதுகில் குத்தியபோதுதான் விழித்தான். தலைக்கு மேலே ரப்பர் கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் நெருக்கியடித்துக்கொண்டு பறவைகள். பச்சைப் புறா, மைனா, மீன்கொத்தி. ஒன்றும் கத்தவில்லை. எல்லாம் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அங்கே சன்னல் இருந்தது. அதற்குள் அவனுடைய அறை.

கட்டிலில் அவனே படுத்திருந்தான். வாய் பிளந்து, அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தான். செசிலியா வந்து விளக்கைப் போட்டாள். கட்டிலைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது செபஸ்தியனுக்கு அழுகை வந்தது. அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காலணிகளைக் கழற்றினாள், போர்வையை இழுத்துவிட்டாள். எத்தனை நாளைக்குப் பிறகு தூங்குகிறார் என்று நிம்மதியாக நின்றாள்.

செபஸ்தியன் ஓடினான். கண்ணாடியில் மோதினான்.

டம்.

செசிலியா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னொன்னா?" என்று சலித்துக்கொண்டு சன்னலருகே வந்தாள். அவள் பின்னால் விளக்கு எரிந்தது, வெளியே மழையிருட்டு. கண்ணாடியில் அவளுக்குத் தன் முகம்தான் தெரிந்தது. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். ஒரு சாண் தூரத்தில் நின்று அவன் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். சத்தம் சருகில் விழுந்து அமுங்கிப்போனது.

திரையை மெதுவாக இழுத்து மூடினாள். அவர் தூக்கம் கலையக் கூடாதாம்.

அப்போதுதான் அவனுக்கு அது உறைத்தது. மாலை ஏழு மணி ஷிப்டுக்கு, தன் உடம்புக்குள் படுத்திருக்கும் இந்த யுகேந்திரன் எழுந்து கிடங்குக்குப் போவான். பெட்டி அடுக்கியவனுக்கு லோடர் ஓட்டத் தெரியாது. கீழே விளக்குமாறோடு ஷோஹாக் நின்றிருப்பான்.

கண்ணாடியில் விரல் முட்டியால் தட்டினான். டொக், டொக். தோல் கிழியும் வரை தட்டிக்கொண்டே இருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, திரைக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. அவனுடைய சொந்தக் குரல், தூக்கக் கலக்கத்தில்.

"ரைட். நான் பாத்துக்கிறேன்."