நேர்த்தியான முடிச்சு

முடிச்சு நேர்த்தியாக இருந்தது. அதுதான் அவளை நிற்க வைத்தது.

காலையிலிருந்து அவள் அவிழ்த்த ஆரஞ்சு நாடாக்கள் எல்லாமே கோணல்மாணல். தம்பி இடது கையால் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டியவை. அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் அவனுடைய வலது மணிக்கட்டு நரம்பை அறுத்ததிலிருந்து அந்தக் கையின் விரல்கள் மடங்குவதில்லை. சட்டைப் பொத்தானோ ஷூ கயிறோ, எதுவானாலும் பல்தான்.

பாதை இரண்டாகப் பிரியும் இந்த இடத்தில், இடது பக்கக் கிளையில் அவனுடைய கோணல் முடிச்சு தொங்கியது. வலது பக்கக் கிளையில் இது. பல்தடம் இல்லை. இரண்டு கையாலும் கட்டி, முனைகளைச் சமமாக இழுத்துவிட்டிருந்தது.

மலைமேல் இருந்த அந்தத் தியான இல்லத்தில் தொண்டு வேலைக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் உண்டு. பதிலுக்கு நடைபாதைகளைச் சீர்செய்ய வேண்டும். முன்னால் போகிறவர் வெட்ட வேண்டிய கிளைகளில் நாடா கட்டுவார். பின்னால் வருகிறவர் கிளையை வெட்டி நாடாவை அவிழ்ப்பார். பாதையில் யாரும் பேசக் கூடாது.

"தலை கட்டணும், வால் அவுக்கணும்," என்றிருந்தார் அந்த வேலைக்குப் பொறுப்பான மீசைக்காரர். "பாதை முடியிற எடம் வெறும் பாறை விளிம்பு. பனி இறங்கிட்டா கால் வைக்கிற எடம் தெரியாது. அதனால வால் வந்து சேர்ற வரைக்கும் தலை எந்திரிக்கவே கூடாது. ரெண்டு பேரும் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்கணும்."

"எங்க அக்கா சின்ன வயசுலேர்ந்தே வாலுதான் சார்," என்றான் தம்பி. பல மாதங்கள் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தவன் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தான். அதற்காகவே அவனை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். பஸ் ஏற்றிவிடும்போது அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற. அப்படியே கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடு."

இப்போது அவள் அந்த முடிச்சைத் தடவிப் பார்த்தாள். ஒருநாள் மடங்கினாலும் மடங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே. முதலில் இடது பக்கம் கட்டியிருக்கிறான். அப்புறம் விரல் மடங்கியிருக்கிறது. மனம் மாறி வலது பக்கம் போயிருக்கிறான். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆசை வெட்கமறியாது என்பார்கள். புத்தியையும் அது ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்பதில்லை. இடது பக்க நாடாவை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு வலது பக்கம் நடந்தாள்.

பாதை ஏறவில்லை, இறங்கியது. மரங்களுக்கு நடுவே பனி புகுந்து, ஈரப்பட்டையும் மக்கிய இலையும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. அவள் கத்தரியால் ஒவ்வொரு கிளையையும் வெட்டி, சத்தம் அடங்கியதும், கொஞ்ச தூரத்தில் இன்னொரு சின்னச் சத்தம் கேட்டது. நாடாவை இழுத்து இறுக்கும் சர்ரென்ற சத்தம். பக்கத்திலேயே இருக்கிறான் என்று முதலில் அவளுக்குத் தெம்பாகத்தான் இருந்தது.

அப்புறம், வெட்ட வேண்டிய அவசியமே இல்லாத ஒரு காய்ந்த குச்சியில் நாடா. அடுத்தது வேரில். அதற்கடுத்தது அவள் எம்பினாலும் எட்டாத உயரத்தில். தம்பி அவளைவிடக் குள்ளம்.

அவள் நின்றாள். பறவைச் சத்தம் எப்போது நின்றது என்று யோசித்தாள். நினைவில்லை.

சர்ர்.

இப்போது பக்கத்தில்.

திரும்பிவிடலாம் என்று நினைத்தபோதுதான், வளைவில் ஒரு பாறைமேல் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். தம்பியுடைய சாம்பல் நிற ஸ்வெட்டர். முழங்கையில் அவளே போட்ட தையல். போன உயிர் திரும்பி வந்தது. சும்மா பயந்து செத்தேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பேசக் கூடாது என்பதால் கூப்பிடவில்லை, பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தாள். எப்போதும் போல வலது கையை, எங்கும் இடித்துக்கொள்ளாமல் இருக்க.

விரல்கள் மடங்கின. ஒவ்வொன்றாக. அவள் கையைச் சுற்றி.

மடங்குதுடா, என்று சந்தோஷப்பட்டாள். ஒரு கணம்தான். விரல்கள் நனைந்த நாடாவைப் போலச் சில்லென்று இருந்தன.

"அக்கா..."

குரல் மேலிருந்து வந்தது. இடது பக்கம், வெகு தூரத்தில், பனிக்கு அந்தப்புறம். விதியை மீறிக் கூப்பிடுகிறான்.

"அக்கா, எங்க இருக்க? நான் விளிம்புலதான் உக்காந்திருக்கேன். ஒண்ணுமே தெரியல. பயமா இருக்கு."

கையை இழுத்தாள். வரவில்லை. வாயைத் திறந்தாள். பிடி இறுகியது. எலும்புவரை இறுகியது. வாய்க்குள் காற்று மட்டும்தான் இருந்தது. உட்கார்ந்திருந்தது திரும்பவில்லை. அதன் இன்னொரு கை மட்டும் மெல்ல வந்து, அவள் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் சேர்த்து ஆரஞ்சு நாடாவால் ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. முடிச்சு. முனைகளைச் சமமாக இழுத்துவிட்டது.

எழுந்திரிக்காதே. அங்கேயே இரு. நான் வரும்வரை எழுந்திரிக்காதே. சொல்ல முடியவில்லை.

மேலே தம்பி சிரித்தான். பயம் தெளிந்த சிரிப்பு.

"அப்பாடா, வந்துட்டியா! வால் வர்ற வரைக்கும் தலை எந்திரிக்கவே இல்ல, பாத்தியா?" கல் ஒன்று உருண்டு, விளிம்பைத் தாண்டி விழும் சத்தம். "சரி, போலாம். கையக் குடு. என்னக்கா, உன் கை இவ்வளவு சில்லுனு இருக்கு?"