நெற்றியில் மூன்று குண்டு

செல்போன் அலறியது.

தவளக்குப்பம் ஜங்ஷனில், இனிப்புக் கடைக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்த தமிழ்க்குமரன் எடுத்துக் காதில் வைத்தான். மனைவி செல்வகுமாரி.

"ஏங்க... அப்பா நெத்தியில மூணு குண்டு."

"இன்னா சொல்ற?"

"கொல்லையில... வைக்கோல் போர்ல. அம்மா பாத்துட்டு மயக்கம் போட்டுட்டாங்க. போலீஸ் வந்துனு இருக்கு. சீக்கிரம் வாங்க."

கட்.

தமிழ்க்குமரன் கையிலிருந்த மைசூர்பாகு டப்பாவைக் கடைக்காரரிடமே திருப்பி நீட்டினான்.

யார் சுட்டது என்று அவன் யோசிக்கவே தேவையில்லை. காலையில் அந்த வைக்கோல் போரைப் பார்த்து மூன்று முறை சுட்டவன் அவனேதான்!

எல்லாம் தலை தீபாவளியால் வந்த வினை.

பாகூர் மாமனார் வீட்டுக்கு அவன் வந்து இறங்கிய அன்றே, சகலை அருள்முருகன் கடலூரிலிருந்து ஒரு கூடை வஞ்சிரத்தோடு வந்து சேர்ந்தான். மாமனார் பலராமன் சகலையின் முதுகைத் தட்டினார். பிறகு தமிழ்க்குமரன் பக்கம் திரும்பினார்.

"சின்ன மாப்ள இன்னா கொண்டாந்தாரு... பசியா?"

வீடே சிரித்தது. செல்வகுமாரியும் சிரித்தாள். அது தாங்கவில்லை.

"மான் கறி கொண்டாரேன் மாமா."

வாயை விட்டாகிவிட்டது. நண்பன் கலைச்செல்வன் எங்கிருந்தோ ஒரு நாட்டுத் துப்பாக்கியைத் தேடிப் பிடித்தான். குழல் வாய் வழியாக மருந்தும் ஈயக்குண்டும் போட்டு, கம்பியால் இடித்து நிரப்புகிற பழைய ரகம். லைசென்ஸ்? அந்தப் பேச்சே கிடையாது.

"செஞ்சிப் பக்கம் காட்டுக்குப் போறதுக்கு முன்னால சுட்டுப் பாத்து குறியைச் சரி பண்ணிக்க மச்சான். குண்டு எங்க போவுதுன்னு தெரியாம போனா மான் நின்னு வேடிக்கை பாக்கும்."

இன்று காலை ஊரெல்லாம் வெடிச்சத்தம். அதோடு சேர்ந்து இன்னும் மூன்று வெடித்தால் யாருக்குத் தெரியும்? வைக்கோல் போரை மூடியிருந்த வெள்ளை ஃப்ளெக்ஸில் கரியால் ஒரு வட்டம் போட்டான். மோட்டார் கொட்டகைச் சுவரில் குழலைச் சாய்த்து வைத்துச் சுட்டான். மூன்றாவது குண்டு போனதும் எங்கோ டிராக்டர் சத்தம். துப்பாக்கியைக் கொட்டகைக் கூரையில் செருகிவிட்டு ஓடி வந்துவிட்டான்.

போருக்குப் பின்னால் மாமனார் உட்கார்ந்திருந்தாரா?

பைக்கை முறுக்கினான். பாகூர் வருவதற்குள் மனசுக்குள் பலமுறை தூக்கில் தொங்கிவிட்டான்.

கொல்லையில் கூட்டம். நடுவில் ஒரு நாற்காலி. நாற்காலியில்...

பலராமன் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

தமிழ்க்குமரன் நேராகப் போய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"இன்னா மாப்ள, ஜொரமான்னு பாக்கறீங்களா?"

"மாமா... குண்டு..."

"அங்க பாருங்க."

ஃப்ளெக்ஸ் புரண்டு கிடந்தது. மாட்டுக்கு வைக்கோல் பிடுங்க வந்த மாமியார் தையலம்மாள் இழுத்த இழுப்பில் மறுபக்கம் திரும்பியிருந்தது. போன வருஷப் பிறந்தநாள் பேனர். 'பாகூரின் விடிவெள்ளி' என்ற எழுத்துக்குக் கீழே, கைகூப்பிச் சிரிக்கும் ஆளுயரப் பலராமன். நெற்றியில் பொட்டு வைத்தாற்போல் மூன்று ஓட்டை.

எஸ்.ஐ. புவனேஸ்வரி குனிந்து ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேனரை ஏன் சார் திருப்பிப் போட்டிருந்தீங்க?"

"வெயில்ல மொகம் வெளுத்துடும்ல மேடம்."

"ஓட்டையோட விளிம்பு பூரா முகத்துப் பக்கமா பிதுங்கி இருக்கு. அப்ப பின்பக்கத்துலேர்ந்துதான் சுட்டிருக்கான். அவனுக்கு வெறும் வெள்ளைதான் தெரிஞ்சிருக்கும். பின்னால கரி வட்டம் வேற." நிமிர்ந்தார். "உங்களை யாரும் கொல்ல வரலை சார். எவனோ வேட்டைக்குப் போறவன் குறி பாத்திருக்கான்."

பலராமன் முகம் வாடிவிட்டது.

"நல்லா பாருங்க மேடம். எனக்கு எதிரிங்க இருக்காங்க."

"யாரு?"

பலராமன் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"...இருப்பாங்க மேடம்."

ஏட்டு இன்னாசிமுத்து கொட்டகை வாசலிலிருந்து கருகிய துணித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

"குண்டு குழலுக்குள்ள ஆடாம இருக்க துணியில சுத்தி இடிப்பாங்க மேடம். சுட்டதும் துணி மட்டும் முன்னாலயே விழுந்துரும்."

மஞ்சள் துணி. ஒன்றில் சிவப்பு எழுத்து பாதி தெரிந்தது. '...குமாரி'.

"இது நம்ம பொண்ணு கல்யாணத் தாம்பூலப் பையாச்சே" என்றார் பலராமன். "ஊரே வாங்கினு போச்சே மேடம்."

"தெரியும். எங்க வூட்லயும் ஒண்ணு தொங்குது."

தமிழ்க்குமரனுக்கு நின்றிருந்த மூச்சு திரும்பி வந்தது. ஊரையே பிடித்து உள்ளே போட முடியுமா என்ன?

அப்போதுதான் செல்வகுமாரி வந்தாள். முகமெல்லாம் கோபம். கையில் அதே மஞ்சள் தாம்பூலப் பை, காலியாக.

"ஏங்க, அம்மாவுக்கு வாங்கியாந்த சோடா பூரா பை வழியா வுழுந்து ஒடைஞ்சிடுச்சி. உங்க பெட்டியில இருந்த பைதான். எலி கடிச்சிருக்கு போல... ஆனா எந்த எலி இப்பிடி வட்டமா கடிக்கும்?"

பையைத் தூக்கிக் காட்டினாள்.

அதன் வழியாகக் கொல்லை மொத்தமும் மூன்று வட்டமாகத் தெரிந்தது. ஒரு வட்டத்தில் எஸ்.ஐ.யின் கண்.

தமிழ்க்குமரன் கைகளை நீட்டினான்.

"நான்தான் மேடம். மான் வேட்டைக்கு... சும்மா குறி பாத்தேன்."

செல்வகுமாரியின் கண் நிறைந்தது. தலை தீபாவளிக்கு வந்த புருஷன் ஜெயிலுக்குப் போகிறானா?

பலராமன் எழுந்தார். எஸ்.ஐ.யைத் தனியாக அழைத்துப் போனார். அவருடைய ரகசியக் குரல் ஏரிக்கரை வரை கேட்டது.

"மேடம், மான் கேஸு மட்டும் வேணாம். மான் வந்து வாபஸ் வாங்குமா? அதுக்குப் பதிலா, என்னைக் கொல்ல வந்தாருன்னு எழுதிக்குங்க. நான் மன்னிச்சிடறேன்."

"மாமா..." என்று தமிழ்க்குமரன் குறுக்கே வந்தான்.

"சும்மா இருங்க மாப்ள. பேப்பர்ல வரட்டும்."

"மானே சாகலை சார். கொலை முயற்சின்னு எழுதினா, நீங்க மன்னிச்சாலும் அந்தக் கேஸை வாபஸ் வாங்க முடியாது" என்றார் புவனேஸ்வரி. "லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. அது ஒண்ணு போதும். எடுத்துக் கொடுத்துட்டு வண்டியில ஏறச் சொல்லுங்க."

துப்பாக்கி கூரையிலிருந்து இறங்கியது. தமிழ்க்குமரன் ஜீப்பில் ஏறும்போது அவனுக்குள் இருந்த வேட்டைக்காரன் மட்டும் அடங்கவில்லை.

"மூணும் ஒரே எடத்துல வுழுந்துச்சி பாத்தீங்களா மேடம்? குழல் நுனியில இருக்கற குறிமுள்ளைக் கொஞ்சம் நவுத்தினா போதும்."

எஸ்.ஐ. ஃப்ளெக்ஸைத் திருப்பினார். கரி வட்டம் பலராமனின் செருப்புக்குப் பின்னால் இருந்தது. ஓட்டைகள் நெற்றியில்.

பலராமன் வட்டத்தைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார்.

"காலைக் குறி வெச்சா தலைக்கு வருது. வெளிய வந்து திரும்ப துப்பாக்கியைத் தூக்கினாருன்னா நான் எங்க மேடம் ஒளியறது?"

ஜீப்பைக் கிளப்பியபடி ஏட்டு இன்னாசிமுத்து சொன்னார்.

"ஒளியாதீங்க சார். நேரா உங்களையே குறி வெக்கச் சொல்லுங்க. அப்பத்தான் நீங்க பொழைப்பீங்க."