அழிக்கவா?

போன் அலறியது.

காருக்கு அடியில் கிடந்த மெக்கானிக் எண்ணெய்க் கையோடு எடுத்தார். தம்பி மனைவி. அழுகைக்கு நடுவே விஷயம் வந்தது. அவளுடைய அப்பா செத்துப் போனார்... ஏற்றத்தில் கார் கியர் மாறாமல் திணற, பின்னால் வந்த லாரி மோதிவிட்டது. முதல் நாள் இதே பட்டறையில் அந்தக் காரை சர்வீஸ் செய்த தம்பியைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது.

மகளைக் கையோடு கூட்டிப் போகிறேன் என்று மாமனார் தம்பியோடு போட்ட சண்டை தெருவுக்கே தெரியுமே!

மத்தியானம் இன்ஸ்பெக்டரே அந்தக் காரை இழுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். தம்பி கேஸை யாராவது அண்ணனிடம் கொடுப்பார்களா என்று யோசிக்கும் நிலையில் மெக்கானிக் இல்லை.

காரின் கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைச் செருகினார்.

கியர் ஆயில் பிரஷர் சென்சார்... சிக்னல் இல்லை.

மீட்டர் வைத்துப் பார்த்தார். சென்சார் நன்றாகவே இருந்தது. அதற்கு வரும் வயர்தான் வெட்டப்பட்டிருந்தது.

வண்டி வெளியே போன பிறகு எவனோ வெட்டியிருக்கலாம் அல்லவா? கோளாறு எந்தக் கிலோமீட்டரில் வந்தது என்பதைக் கார் ஞாபகம் வைத்திருக்கும். தட்டினார்.

40,312.

தம்பி எழுதிய சர்வீஸ் கார்டிலும் அதே 40,312.

வண்டி இங்கிருந்து நகருமுன்பே வெட்டியிருக்கிறான். பாவி... தோளில் தூக்கி வளர்த்த பயல்!

இன்ஸ்பெக்டர் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். கோளாறுப் பதிவை 'அழிக்கவா?' என்று கேட்டது ஸ்கேனர் திரை.

அழுத்தினார்.

"என்ன ஆச்சு?" இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார்.

"பழக்கதோஷம் சார். பழைய எரர் கோடை அழிச்சிட்டு, திரும்ப வருதான்னு பார்க்கிறதுதான் எங்க வழக்கம். கை தானா போயிடுச்சு."

"கிலோமீட்டர்?"

"அதுவும் சேர்ந்து போயிடுச்சு."

"பரவாயில்ல. காலையிலேயே வேற ஒர்க்‌ஷாப்ல ஸ்கேன் பண்ணி போட்டோ எடுத்தாச்சு."

மெக்கானிக் ஸ்கேனரைக் கீழே வைத்தார்.

"உங்க தம்பி ஒண்ணு சொன்னார். வயரை வெட்டினது எங்க அண்ணன்தான், நம்பலைன்னா ஸ்கேனரை அவர் கையில குடுத்துப் பாருங்க, முதல் வேலையா அழிப்பார்னு."

"அவனா... அப்படிச் சொன்னான்?"

"எனக்கும் அப்ப நம்பிக்கை வரல."

வெட்டியது தம்பிதான் என்று சொல்ல வாயெடுத்தார். இனி எவன் நம்புவான்?

கான்ஸ்டபிள் விலங்கோடு வந்தார்.

"கையைத் துடைச்சுக்குங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "லாக்கப்ல உங்க தம்பி இடம் காலியாகுது... சூடு ஆறுறதுக்குள்ள போய் உட்கார்ந்துடலாம்."