குமிழ் பார்த்த திசை

காலை 7.15-க்கு ஜவுளிக்காரர் தன் வீட்டு மாடி உடற்பயிற்சி அறையில் பின்மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். பக்கத்தில் ஒரு டம்பெல். முதலில் பார்த்தவன் அவருடைய பயிற்சியாளன். 9.30-க்கு அவன் காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். 10.10-க்கு அவனுடைய அக்காவின் கடிகாரக் கடைக்குள் இன்ஸ்பெக்டர் நுழைந்தார்.

அக்காவின் மணிக்கட்டில் கிடந்த கடிகாரம் விர்ரென்று அதிர்ந்தது. நாடி 118. ‘மூச்சை ஆழமாக இழுத்து விடவும்’ என்று உபதேசம் வேறு. கூட இருந்தே காட்டிக் கொடுக்கும் சரக்கு. இதைத்தான் அவள் ஊருக்கெல்லாம் விற்றுக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டரின் பின்னால் ஜவுளிக்காரரின் மச்சினன் வந்தான். அவர் மனைவியின் தம்பி. அதே வீட்டில் இருப்பவன். கடிகாரப் பெட்டியும் பில்லும் அவன் கையில் இருந்தன.

“உங்க தம்பின்னு தெரியும்மா. அதனாலதான் நானே வந்தேன்,” என்று இன்ஸ்பெக்டர் ஒரு போட்டோவைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். இறந்தவரின் இடது கை. இருண்டு போன கடிகாரம். விரல்களின் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த அதன் குமிழ். “இது நீங்க வித்ததுதானே?”

“ஆமாங்க. ஆறு நாளாச்சு.”

“இதுல கடைசித் துடிப்பு 6.50. அவரு போன்லயே ஏறியிருக்கு. கேட் கேமராப்படி மச்சினன் இவரு 6.20-க்கு வெளிய போனாரு, 7.20-க்குத் திரும்பினாரு. உங்க தம்பி 6.45-க்கு உள்ள போனான். நடுவுல வேற ஈ, காக்கா இல்ல. வீட்டம்மா வெளியூர்ல இருக்காங்க.”

“அவன் கீழதாங்க உட்கார்ந்திருப்பான். ஏழேகால் வரைக்கும் அவரு தனியாதான் தண்டால் எடுப்பாரு. தொப்பை தரையில முட்டுறதை யாரும் பார்க்கக் கூடாதாம்.”

“அதையேதான் அவனும் சொல்றான். கடிகாரம் வேற சொல்லுதே! இந்த மாடல் நேரம் தப்பாது, துடிப்பு சரியா காட்டும்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

பேனா கைக்கு வந்தது. ‘இது ஓட்டைச் சரக்கு, இதை நம்பாதீங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கல்லைக் காட்டிக் கற்கண்டு என்று விற்றவர்களின் வம்சம்தான் அவளும். ஆனால் இந்தப் பொய் அரை நாள்கூடத் தாங்காது. அதற்குப் பிறகு அவள் சொல்லும் உண்மையும் செல்லாக் காசாகிவிடும். அதற்காகக் கையெழுத்துப் போட்டு, தம்பியின் கழுத்துக் கயிற்றுக்குத் தானே முடிச்சுப் போடுவதா? விர்ர். 126.

“என்னம்மா யோசனை? அவரு எதுக்கு இதைப் போய் வாங்கினாரு?”

பேசிக்கொண்டிருந்தால் கையெழுத்துத் தள்ளிப்போகும். அவள் பேசினாள்.

“ஒரு மணி நேரம் பேரம் பேசினாருங்க. முதல்ல மலையேறுறவங்க கட்டுறதைக் காட்டினேன். ‘இது கடிகாரமா, தோசைக்கல்லா? சட்டைக் கையே ஏறல’ன்னாரு. மெல்லிசா ஒண்ணு காட்டினேன். ‘தண்ணியில இறங்கினா செத்துடும்’னாரு. கடைக்கும் கட்டணும், நீச்சலுக்கும் கட்டணும், தண்டாலும் எடுக்கணும்னாரு. கடைசில இந்த நடுத்தரம். நெஞ்சுத் துடிப்பு ஏறாம இருக்க மாத்திரை சாப்பிடுறவரு. துடிப்பு நூத்திப்பத்தைத் தாண்டினா நிறுத்தணும்னு டாக்டர் சொல்லியிருந்தாராம். அந்த அலாரத்தை நான்தான் வெச்சேன். மறுநாளே கொண்டுவந்து வீசினாரு. ‘தண்டால் எடுக்கக் கையை மடக்கினா இந்தக் குமிழ் புறங்கையில குத்துது. காசைத் திருப்பிக் குடு!’ன்னாரு. நான்...”

அவள் கண் போட்டோவில் நிலைத்தது.

“சார், பிணத்து மேலருந்து கடிகாரத்தைக் கழட்டித் திரும்பக் கட்டினீங்களா?”

“யாரும் தொடல. போட்டோ எடுத்த பிறகுதான் கழட்டினோம்.”

“நான் காசைத் திருப்பித் தரலைங்க. கடிகாரத்தைத்தான் திருப்பினேன். குமிழ் முழங்கைப் பக்கம் வர்ற மாதிரி மாத்திக் கட்டி, எழுத்தையும் அதுக்கேத்த மாதிரி திருப்பி வெச்சேன். போட்டோல குமிழ் விரல் பக்கம் இருக்கு.”

“அவசரத்துல அவரே மாத்திக் கட்டியிருப்பாரு,” என்றான் மச்சினன்.

“அப்படிக் கட்டினா மணி தலைகீழா தெரியும் தம்பி. அவரு அதைப் பொறுத்துக்குற ஆளா? கண்ணாடி இருண்டு கிடக்கறப்போ வேற யாரோதான் கட்டியிருக்காங்க. சார், காலையில துடிப்பு எவ்வளவுன்னு பாருங்க.”

இன்ஸ்பெக்டர் குறிப்பைப் புரட்டினார். “6.12-ல ஒரு நிமிஷம் ஒண்ணுமே இல்ல. வேர்வையில பதியலைன்னு விட்டுட்டோம். அப்புறம் 6.50 வரைக்கும் 130, 138. கொலைகாரனைக் கண்ட பயம்.”

“என் தம்பி வந்ததே 6.45-க்கு. அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் அவரு யாரைக் கண்டு பயந்தாரு? அந்த மாத்திரை போட்ட நெஞ்சு அவ்வளவு ஓடுமான்னு அவரு டாக்டரைக் கேளுங்க. அது அவரு நாடியே இல்ல சார்.”

இன்ஸ்பெக்டர் குறிப்பில் 6.12-க்கு நேராக விரலை வைத்தார்.

“பெட்ரோல் பங்க்ல 6.30-லருந்து வரிசையில நின்னேன். அங்கயும் கேமரா இருக்கு,” என்றான் மச்சினன். யாரும் அவனைக் கேட்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை.

அவள் அதே மாடலில் ஒன்றை எடுத்து, அலாரத்தை 110-க்கு வைத்து அவன் முன்னால் நீட்டினாள். “கட்டிக் காட்டுங்க.”

“எதுக்கு?”

“கட்டுய்யா,” என்றார் இன்ஸ்பெக்டர்.

அவன் இடது கையில் கட்டினான். குமிழ் விரல்களைப் பார்த்தது. பத்து விநாடி. விர்ர். நிற்கவில்லை. 137.

“சும்மா நிக்கிற ஆளுக்கு 137-ஆ?” இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை வைத்தார். “7.20-க்கு மேல போய் நாடி பார்த்தேன்னு சொன்னியே. இவங்க தம்பி கீழ ஆம்புலன்சுக்குப் போன் பண்ணிட்டிருந்தப்போ தனியாத்தானே போன? 6.12-லருந்து நீ கட்டியிருந்த கடிகாரத்தை அப்பதானே அவரு கையில மாட்டின? கழட்டின வார் பத்திரமா உறையில இருக்கு. உள்பக்க வேர்வை யாருதுன்னு சாயங்காலம் தெரிஞ்சுடும்.”

அவன் கடிகாரத்தைக் கழற்றிக் கண்ணாடி மேசைமேல் வைத்தான். “குடோன்ல துணி எடுத்து வித்ததைக் கண்டுபிடிச்சுட்டாரு. இன்னைக்கே வீட்டை விட்டுப் போன்னாரு. ஆறு மணிக்குக் கால்ல விழுந்தேன். சிரிச்சாரு சார்.”

11.25-க்கு அவளுடைய போன் அடித்தது.

“அக்கா, விட்டுட்டாங்க. சாப்பிட ஏதாச்சும் வெச்சிருக்கியா?”

“வாடா,” என்றாள்.

விர்ர். 124. இது பயமா, சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லும் மாடல் இன்னும் சந்தைக்கு வரவில்லை. அவள் கடிகாரத்தைக் கழற்றி டிராயருக்குள் போட்டு மூடினாள்.